உப்புக் கேக்

சர்க்கரை போட வேண்டிய இடத்தில் கௌசல்யா உப்பைப் போட்டாள். கை தவறி அல்ல. வேண்டுமென்றேதான். ரெண்டு ஸ்பூன், குவித்து.

ஒரே ஒரு கப் கேக். மேலே வெள்ளை வெளேரென்று க்ரீம். அதிலும் உப்பு.

"பாவம்க்கா, வேணாம்," என்றாள் முஹ்சினா. அன்றைய கூட்டத்துக்கு ஒத்தாசைக்கென்று முன்னாடியே வந்தவள். "வயசான மனுசன்."

"வயசானா என்ன? நாக்கு இருக்குல்ல? அந்த நாக்கோட லட்சணத்தை இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்."

வீட்டிலேயே கேக், பிஸ்கட் சுடுகிற திண்டுக்கல்காரர்களுக்காக கௌசல்யா ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகல் நகரில் அவள் வீட்டு மாடியில் கூடுவார்கள். அவரவர் சுட்டதைக் கொண்டுவந்து பகிர்ந்து தின்பார்கள். வீட்டுக்குப் போனதும் குழுவில் அபிப்பிராயம் எழுதுவார்கள்.

அந்த வயசான மனுசன் பொன்னுத்துரைக்கு நெய்க்காரப்பட்டியில் தேங்காய் மண்டி. அடுப்புப் பக்கம் போனதே கிடையாது. ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு தவறாமல் வந்துவிடுவார், ஒரு பை ஆயக்குடிக் கொய்யாவோடு. "நமக்கு இதுதானுங்க முடியும்" என்று ஒரு சிரிப்பு வேறு. தின்னும்போது தன் தட்டைப் பார்க்க மாட்டார். அடுத்தவர் வாயையே பார்ப்பார். வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பார்.

அதையெல்லாம்கூட கௌசல்யா பொறுத்துக்கொண்டாள். போன மாதம் அவள் செய்த கேழ்வரகு கேக்குக்கு எல்லாரும் "வேற லெவல்", "அக்கா, கையைக் குடுங்க" என்று எழுதியிருக்க, அந்த மனுஷன் மட்டும், "கௌசல்யாம்மா கேக் பரவாயில்லீங்க. முஹ்சினா பாப்பா பேரீச்சம்பழக் கேக் சூப்பருங்க" என்று போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பரவாயில்லையாம்! கோயம்புத்தூர் போய் வகுப்பில் சேர்ந்து படித்து, சான்றிதழை ஹாலில் மாட்டி வைத்திருப்பவளுக்குத் தேங்காய் மண்டிக்காரர் மார்க் போடுகிறார்!

எல்லாரும் மாடியில் கூடியதும் கௌசல்யா தட்டோடு நேராகப் பொன்னுத்துரையிடம் போனாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, இது உங்களுக்குன்னே ஸ்பெஷலா செஞ்சது. நீங்க மொதல்ல சாப்பிட்டுச் சொல்லுங்க."

"எனக்குன்னேங்களா? அட!"

அவளை ஏறிட்டுப் பார்த்தபடியே கடித்தார். தண்ணீர் குடித்தார். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"சூப்பருங்க கௌசல்யாம்மா. இன்னைக்கு அசத்திட்டீங்க!"

கௌசல்யா படபடவென்று கை தட்டினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? அம்புட்டும் உப்பு! பேருக்குக்கூட சர்க்கரை கிடையாது. இது சூப்பராம்! இவருதான் நம்ம கேக்குக்கெல்லாம் மார்க் போடுறவரு!"

பேங்க்கில் வேலை பார்க்கும் பெலிக்ஸ்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மாடியே சிரித்தது. யாரோ போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். முஹ்சினா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னுத்துரை கையிலிருந்த காலிக் காகிதக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்புங்களா?"

"என்னண்ணே, உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தெரியாதுங்க." குரலில் வருத்தம்கூட இல்லை. "மூணு வருசம் முந்தி நாக்குல கட்டி வந்துச்சுங்க. மதுரை ஆஸ்பத்திரியில கரண்டு வச்சு, அதானுங்க ரேடியேசன், கரைச்சாங்க. கட்டியோட ருசியும் போயிருச்சுங்க. எச்சியும் ஊறாது. தண்ணி இல்லாம எறங்காதுங்க."

சிரிப்பு நின்றது. வீடியோ பிடித்த போன் பைக்குள் போனது.

"அப்புறம் எதுக்கு இங்க வாரீங்க?" கௌசல்யா விடவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"வீட்டுல ஒண்டியா உக்காந்து தின்னா மண்ணத் திங்கற மாதிரி இருக்குதுங்க. இங்கன்னா, நீங்கள்லாம் ருசிச்சுத் திங்கறதப் பாத்துக்கிட்டே நானும் ரெண்டு வாய் திம்பனுங்க."

"அப்ப என் கேக்கை மட்டும் பரவாயில்லைன்னு எப்படிச் சொன்னீங்க?"

அவர் தயங்கினார். சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார்.

"திங்கறவங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்க சொல்லுவேன். அன்னைக்கு முக்காவாசிப் பேரு ஒரு கடி கடிச்சுட்டு டிஷ்யூவுல சுத்தி வச்சுட்டாங்க. பெலிக்ஸ் தம்பி பூந்தொட்டிக்குள்ள போட்டுட்டாப்புல. நல்லா இல்லைன்னு எழுத எனக்கு மனசு வரலீங்க. அதான் பரவாயில்லைன்னு போட்டனுங்க."

'வேற லெவல்' என்று எழுதியவர்கள் அவரவர் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். பெலிக்ஸ் அவசரமாகத் தான் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியை நறுக்க ஆரம்பித்தார். கௌசல்யா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தரும் நிமிரவில்லை.

முஹ்சினாதான் மெதுவாகக் கேட்டாள். "இந்தக் கேக்கை வேற யாருமே சாப்பிடலையே மாமா? யாரு மூஞ்சியப் பாத்து சூப்பர்னு சொன்னீங்க?"

பொன்னுத்துரை கௌசல்யாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்கம்மா. அத்தனை சந்தோசமாச் சிரிச்சீங்களா… எனக்கு நல்லதாத்தான் எதையோ செஞ்சு கொண்டாந்திருக்கீங்கன்னு நெனச்சுட்டனுங்க."