திரையில் ஒரு கறை

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் வருவதில்லை. போன்தான் வருகிறது. இதைப் பார், அதைப் பார் என்று கையில் திணிக்கிறார்கள்.

மகள் வீட்டிலும் அதேதான்.

"பாரு நைனா," என்று அவள் தன் போனை நீட்டினாள். எதிர் நாற்காலியில் மாப்பிள்ளை.

மாடியில் ஒரு ரூம் கட்டுகிறார்களாம். பூச்சு முடிந்துவிட்டதாம். நாற்பது வருஷம் சுவருக்கு வெள்ளை அடித்தவன் நான். என்னிடம் காட்டாமல் இருப்பார்களா.

மேலே போய்ப் பார்க்கிறேன் என்றேன். படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை, ஏறாதீர்கள் என்றார் மாப்பிள்ளை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

சாம்பல் நிறச் சுவர். பூச்சு பரவாயில்லை. நடுவில் ஒரு கறை.

"ஓதம் ஏறியிருக்கே, தண்ணி இறங்குதா?"

அவள் அடுத்த படத்துக்குத் தள்ளினாள். வேறு சுவர். அதே இடத்தில் அதே கறை.

சுவரில் இல்லை. போனில் இருக்கிறது.

"அதுவா மாமா," மாப்பிள்ளை சிரித்தார். "ஒரே படத்தை நாள் பூரா எரியவிட்டா டிஸ்ப்ளேல அப்படியே படிஞ்சிடுமாம். கடைக்காரன் சொன்னான். எல்லாம் உங்க பொண்ணு வேலை. அணைக்கவே மாட்டா. சாயந்திரம் நான் வந்து எடுத்துப் பாத்தா சார்ஜ் காலி."

"அவ்ளோ நேரம் யார்கிட்ட பேசறா?"

"பேசினாத்தானே! டெய்லி பாக்கறேனே, யாருக்குப் போட்டா, யார் போட்டாங்கன்னு. ஒரு போன் இருக்காது. உங்க பொண்ணு தங்கம், மாமா."

தங்கம் சிரிக்கவில்லை.

ஆறு மாசமாக அவளிடமிருந்து எனக்கும் ஒரு போன் வரவில்லை. நானாகப் போட்டால் எடுப்பாள். நல்லா இருக்கேன் என்பாள். பக்கத்தில் இவர் இருமுவது கேட்கும். அதனால்தான் இன்றைக்குச் சொல்லாமல் வந்து நின்றேன்.

காலண்டரைக் கழற்றினாலும் அது மாட்டியிருந்த இடம் சுவரில் சதுரமாகத் தெரியும். எது ரொம்ப நாள் இருந்ததோ அது அழுத்தமாகத் தெரியும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

கறையின் கீழ்ப்பக்கம் ஒரு வட்டம். அதற்குள் குட்டியாக ரிசீவர் படம். அமுக்கினால் போன் போகும். அது எனக்கே தெரியும்.

வட்டத்துக்கு மேலே எழுத்து.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறும்.

"நை..."

அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

அதை இருமலாக்கினேன். மிச்சத்தை மூடிய வாய்க்குள்ளேயே படித்தேன்.

இந்தத் தெருவில் யாரும் அப்பனை அப்படிக் கூப்பிடுவதில்லை. உலகத்திலேயே என்னை அப்படிக் கூப்பிட ஒருத்திதான் இருக்கிறாள்.

நாள் பூரா எரியவிட்டிருக்கிறாள்.

அமுக்காமல்.

"எழுத்து ஏதாவது தெரியுதா மாமா?" மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்தார். "என் கண்ணுக்கு ஒண்ணும் புடிபடல."

"எழுத்தா? என்னைப் போய்க் கேக்கறீங்களே. நான் கையெழுத்துப் போடறதே பெரிசு."

பக்கத்துப் பொத்தானை அமுக்கித் திரையை அணைத்தேன். போனை அவள் மடியில் வைத்தேன்.

"நல்லாத்தானே இருக்கே சுகுணா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எனக்கென்ன நைனா. நல்லாத்தான் இருக்கேன்."

போனில் கேட்கிற அதே குரல். ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை.

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"பஸ் ஏத்திவிட வாம்மா."

"அவ எதுக்கு? நான் வண்டில விடறேன் மாமா."

"உங்க வண்டில உக்காந்தா என் இடுப்பு கழண்டுடும் மாப்ளே. இதோ இருக்கு தெருமுனை. அவ வரட்டும்."

"சமையல் பாதியில நிக்குது."

"நிக்கட்டும்."

அவர் சிரிப்பது நின்றுவிட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் கூட்டம் இருக்காது. இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

பின்னால் கேட் திறந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது.

ஒருவருடையதா, இருவருடையதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.