கணக்கில் நிற்காத பெர்சி

ஆஸ்திரேலியா ஒரே நாடாகிப் பத்து வருஷமான பின்னும் எங்கள் மாநிலச் சட்டசபை பழைய வழக்கம் ஒன்றை விடவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வர முடியாவிட்டால், கணக்கு ஒரு பக்கம் சாயாமலிருக்க, அவருக்குக் கைகொடுத்துச் சம்மதித்த ஆளுங்கட்சிக்காரரும் ஓட்டுப் போடாமல் வெளியே பெஞ்சில் உட்காருவார்.

சாகக் கிடந்த எதிர்க்கட்சி லோரிமருக்கு அப்படிக் கைகொடுத்தவர் பெர்சி ட்ரெகென்னா. ஆனால் ஓட்டெடுப்பு மணி அடித்ததும் உள்ளே வந்து ஓட்டுப் போட்டார். மசோதா ஒரே ஓட்டில் ஜெயித்தது. லோரிமர் அன்றே இறந்தார், பெர்சி ரயில்வே அமைச்சரானார்.

இரு பக்கமாகப் பிரிந்து நிற்பவர்களைத் தலை தலையாக எண்ணும் குமாஸ்தா நான். அதன்பின் பெர்சி நின்ற பக்கம் எப்போதும் ஒரு தலை குறைந்தது. அவருடைய தொப்பையையும் தங்கச் சங்கிலியையும் பார்த்துக்கொண்டே எண்ணினாலும் குறைந்தது. பதினோரு ரயில் நிலையங்களில் மட்டும் அவர் பெயர் கல்லில் இருந்தது.

பதினெட்டு வருஷம் கழித்து, லோரிமரின் மனைவிக்கு ஓய்வூதியம் கேட்டு பெர்சியே மசோதா கொண்டுவந்தார்.

“ஆர்ச்சி, இன்னிக்காவது என்னையும் சேத்து எண்ணுப்பா. அந்தம்மாவுக்காக.”

“நான் எண்ணத்தான் செய்றேன், பெர்சி. நீதான் கணக்குல நிக்க மாட்டேங்குற.”

இரு பக்கமும் சமமாக வந்தது. சமமென்றால் மசோதா தோற்றதாக அர்த்தம்.

மறுநாள் மணி அடித்ததும் பெர்சி வெளியே போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கணக்கு அன்று சரியாக வந்தது. எட்டிப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் பெஞ்சு மெத்தை, ஒருவர் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அமுங்கியிருந்தது.