கொலுவுக்கு வந்த பெண்

பிள்ளைக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காமாக்ஷி மாமிக்குத் தலைகால் புரியவில்லை. கரோல் பாக் வீட்டுக்குக் கொலு பார்க்க வந்த சுபாஷிணி அவ்வளவு லட்சணம்! பாட்டுப் பாடினாள், சுண்டலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“உங்க குலதெய்வம் எது மாமி?”

“காத்தாயி அம்மன்டி கண்ணு!”

“உங்க பிள்ளையை ஆத்துல எப்படிக் கூப்பிடுவேள்?”

“லட்டு!”

தானாகவே விசாரிக்கிறாளே! மாமி மனசுக்குள் முகூர்த்தமே குறித்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். யூனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாதுகாப்புப் பாடம் எடுக்கிற புரொபசர் அவர்.

“என் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சா நூத்துக்கு நூறுன்னு கிளாஸ்ல சவால் விட்டேனோல்லியோ? சுபாஷிணின்னு ஒரு பொண்ணு இன்னிக்கு உள்ளே பூந்துட்டா! ‘காத்தாயி’ன்னு வெச்சிருந்தேன். எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ, சரியான கில்லாடி!”

மாமிக்குச் சுண்டல் தொண்டையில் அடைத்தது.

“கவலைப்படாதே, உடனே மாத்திட்டேன். புதுசு நம்மாத்தைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.”

“லட்டுதானே? அதையும் மாத்திடுங்கோ!” என்ற மாமி, தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: “அப்படியே அந்தப் பொண்ணோட ஜாதகத்தையும் வாங்கிண்டு வந்துடுங்கோ!”