பாதியில் நின்ற கதை

குடியை விட்டவர்கள் மாலையில் கூடும் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்து, வாசலிலேயே தயங்கி நின்றார். எட்டு மாதமாகக் குடிக்காத தையல்காரர் எழுந்துபோய் அவரைக் கையோடு அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கூச்சப்படாம சொல்லுங்க. எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷங்க."

"வீட்ல?"

"இந்தப் பொழப்பே வேணாம்னு பொண்டாட்டி தலைபாடா அடிச்சுக்கிட்டா. போன வாரத்தோட விட்டுட்டேன். ஆனா சாயங்காலம் ஆறு மணியானா இருப்புக் கொள்ளலை."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டிலும் அதே கதைதான்.

"முதல்ல அப்படித்தாங்க இருக்கும். ராத்திரி கை நடுங்குதா?"

"அதெல்லாம் இல்லைங்க. நான் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லை."

தையல்காரருக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

வந்தவர் மேசையிலிருந்த தேநீருக்குக் கை நீட்டினார். மணிக்கட்டில் மீன் பச்சை குத்திய கை. தையல்காரர் அசந்துபோனார். மதுக்கடைக் கம்பிவலைக்குப் பின்னால் இருப்பவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. சின்ன ஓட்டை வழியே பாட்டிலை நீட்டும் அந்தக் கைதான் தெரியும். வருடக்கணக்காகத் தையல்காரர் தன் குடும்பக் கதை முழுவதையும் ஒன்றுவிடாமல் கொட்டியது அந்தக் கையிடம்தான்.

"நீங்கபாட்டுக்குப் பாதியில நிறுத்திட்டு வந்துட்டீங்க," என்றார் வந்தவர், நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு. "எட்டு மாசமா எனக்கு மண்டை வெடிக்குது. உங்க மச்சான் கடைசில அந்தத் தையல் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாரா, இல்லையா?"