சிப் கேட்ட ஆயில்

"சிப் ஆயில் கேக்குது மச்சான்!"

காரிலிருந்து ஒரு கால் இறங்கியதுமே தமிழ் வாத்தியார் அறிவித்தார். ஷெட்டில் ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். தங்கை கணவர் தானாக ஆயில் மாற்ற வந்து நிற்பது, கல்யாணமான இந்த எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"எந்த சிப்பு மாப்பிள்ளை?"

"உங்க தங்கச்சி சொல்லியிருப்பாளே! ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினா இன்ஜின் பவர் முப்பது சதவீதம் ஏறும்னு விளம்பரம் பார்த்து வரவழைச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா, பச்சையாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"இதுவா? உள்ளே மூணு லைட்டு இருக்கும். அதை மினுக்க ஒரு சர்க்யூட் இருக்கும். இன்ஜினுக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. உங்களுக்கு நல்லாக் காது குத்தியிருக்கான்."

"உங்க தங்கச்சியும் அச்சு அசலா இதையேதான் சொன்னா. ஆனா வண்டி வேற சொல்லுதே! முன்னாடி லிட்டருக்குப் பதினொண்ணு. இப்போ பதினஞ்சு!"

"பிரிச்சே காட்டட்டுமா?" மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

வாத்தியார் பாய்ந்து குறுக்கே நின்றார். "ஐயையோ, ஒன்பதாவது விதி! பிரிச்சா சிப்போட ஞாபகம் அழிஞ்சு போயிடும்!"

"விதியா?"

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, வகுப்பில் செய்யுள் வாசிக்கும் குரலில் வாசித்தார். "'முதல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அறுபதைத் தாண்டக் கூடாது. சிப் உங்கள் இன்ஜினைப் படித்துக்கொண்டிருக்கும்.' கேட்டீங்களா? படிக்குதாம்! அப்புறம், 'ஆக்சிலரேட்டருக்கு அடியில் முட்டை இருப்பதாக நினைத்து மிதிக்கவும்.' செல்போன் அலை சிப்பைக் குழப்பும், அதனால ஓட்டும்போது அணைச்சு வைக்கணும். ஆயில் பழசானா சிப்புக்கு மூச்சு முட்டும். அதான் வந்தேன்."

"இப்படி ஓட்டினா சிப்பே இல்லாமலும் பதினஞ்சு குடுக்கும் மாப்பிள்ளை! இதைத்தானே எட்டு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தினேன்?"

"நீங்க வாயால சொன்னீங்க. இது அச்சுல வந்திருக்கு," என்றார் வாத்தியார். மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார்.

பழைய ஆயில் தார் போல இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வாத்தியாரின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"மச்சான், பவர் கூட எனக்குப் பெரிசில்ல. நான் வேகமாப் போய் ஆக்ஸிடென்ட்ல இருந்து மயிரிழையில தப்பிச்ச நாள்ல இருந்து உங்க தங்கச்சி என் வண்டியில ஏறினதே இல்ல. பொண்ணையும் ஏற விடமாட்டா. ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் பஸ்ஸுல போவாங்க, நான் பின்னாடியே காலி வண்டியில போவேன். போன வாரம் அவளா வந்து முன்சீட்ல உக்காந்தா. பாதி வழியில பார்த்தா, தூங்கிட்டா மச்சான்!"

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆயில் தெறிச்சிடுச்சு," என்றார்.

"ஒரே ஒரு குறைதான்." வாத்தியார் தாளை நீட்டினார். ஓர் இடத்தில் சிவப்பு மையில் பெரிய வட்டம். "ஏழாவது விதியைப் பாருங்க. 'வாரம் ஒருமுறை டயர் காற்றலுத்தம் பார்க்கவும்.' அழுத்தத்துக்கு 'லு' போட்டிருக்கான்! காத்துக்கு அலுத்தா போச்சு? இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், ஆயிரம் தடவை எழுத வைக்கிறேன்."

"வெளியூர்க் கம்பெனிக்காரன். அவனுக்கு என்ன தமிழ் தெரியும்?" என்றார் மெக்கானிக், தாளைப் பார்க்காமலே.

"இங்கே இருக்கிறவனுக்கு மட்டும் தெரியுதா? முன்னாடி நான் போற வேகத்துல உங்க ஷெட்டு எப்போ வந்துச்சு, எப்போ போச்சுன்னே தெரியாது. இப்போ ஒரு போர்டு விடாம படிச்சுக்கிட்டே போறேன். இந்த ரோட்டுல இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன், அதுக்குள்ள பதினாலு பிழை! வரும்போது இந்தப் பக்கம் பார்த்திருக்கிற போர்டெல்லாம் முடிச்சாச்சு. பொண்ணை நீச்சல் வகுப்புல இருந்து கூட்டிக்கிட்டு அரைமணியில திரும்புவேன். அப்போ அந்தப் பக்கம் பார்த்திருக்கிற போர்டுங்க."

முட்டை உடையாமல் மிதித்து வாத்தியார் கிளம்பினார். சைக்கிள்காரர் ஒருவர் அவரை முந்திக்கொண்டு போனார்.

கார் மறைந்ததும் மெக்கானிக்கின் செல்போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, ஆயில் மாத்தினாரா?"

"மாத்திட்டார், மாத்திட்டார். நான் திட்டத் திட்ட சிப்பை இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிறார். அதெல்லாம் இருக்கட்டும். வாத்தியார் பொண்டாட்டி நீ, அந்தத் தாளைச் சிப்பு வந்த பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டு, பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக வாசலுக்கு ஓடி, ஸ்டூல் போட்டு ஏறினார். அந்தப் பக்கம் பார்த்திருந்த அவருடைய போர்டில், அவர் கையாலேயே எழுதிய முழ நீள எழுத்துகள் பளபளத்தன: 'இங்கு டயர் காற்றலுத்தம் பார்க்கப்படும்.'