நிழல் பக்கத்து வேலி

பண்ணையின் இரும்புக் குழாய் வேலி முழுவதற்கும் யார் பெயிண்ட் அடிப்பது என்று அன்று முடிவாக வேண்டும். வாசல் பக்கம் மேனேஜரின் மச்சினன், மரத்தடிப் பக்கம் வெளியூர் பெயிண்டர் என்று ஆளுக்கு இருபது அடி, முந்தின நாளே அடித்துக் காட்டச் சொல்லியிருந்தார் முதலாளி.

"நீயே பார்த்துச் சொல்லுய்யா."

மேனேஜர் நேராக மரத்தடிக்குப் போய், குழாயை நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் துருவோடு உரிந்து வந்தது.

"துருவைத் தேய்க்கவும் இல்ல, பிரைமரும் இல்ல. குனிஞ்சா இடுப்பு ஒடிஞ்சிடும்னு அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருக்கான். இவனைப் பெயிண்டர்னு சொன்னா பிரஷ்ஷுக்கே அவமானம் ஐயா."

"வாசல் பக்கம்?"

"வரும்போதே பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருக்கு. சொந்தக்காரன்னு சொல்லல, தொழில் தெரிஞ்ச கை."

"அப்ப இவனை அனுப்பிடலாமா?"

"இப்பவே அனுப்புங்க. இனி இந்தப் பண்ணையையே மிதிக்கக் கூடாது."

முதலாளி தலையாட்டினார். பேச்சுச் சத்தத்தில் விழித்து, மரத்துக்குப் பின்னாலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் மச்சினன்.

"வந்துட்டீங்களா மாமா? வாசல்ல வெயில் மண்டையைப் பொளந்துச்சு. அதான் நேத்து அந்த ஆளை அங்க அனுப்பிட்டு, நான் நிழல் பக்கம் வந்துட்டேன். இருபது அடியையும் ஒரே மணி நேரத்துல முடிச்சேன், பார்த்தீங்களா?"