அஞ்சுக்கு எத்தனை?

"ரீசெட் பண்ணச் சொல்லு. ஜல்தி!"

மதுமதியின் ஹெட்செட்டுக்குள் அபிஷேக் அதட்டினான். டெல்லியில் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கால் சென்டரில் அவளுடைய பயிற்சியாளன். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன். எதிரே கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடி, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரிதான் எப்போதும் பேசுவான். வாடிக்கையாளரோடு அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் குரலும் அவள் காதில் வரும்.

எட்டு நாளாக இதே கதைதான். இன்று ஒன்று சொல்வான், நாளை அதையே தப்பு என்பான். வாடிக்கையாளரை 'சார்' என்று கூப்பிடச் சொன்னான். மறுநாள் 'ஜி' என்றான். தன் பேச்சு அவளுக்கு மட்டும் கேட்பதற்கு நீலப் பட்டனை அமுக்குவதாக முதல் நாள் சொன்னான்; மூன்றாம் நாள் பச்சை என்றான். எது சரி என்று கேட்டால், "நோட்ஸைப் பாரு!" நோட்ஸில் இரண்டையும் எழுதச் சொன்னதே அவன்தான்.

முதல் இரண்டு நாள் பாத்ரூமில் போய் அழுதாள். இப்போது எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கோபம்கூட வரவில்லை.

இன்று கடைசித் தேர்வு. இந்த ஒரு அழைப்புக்கு வாடிக்கையாளர் ஐந்துக்கு நாலு மார்க்காவது போட்டால் வேலை நிச்சயம். குறைந்தால் நாளைக்கே தேனிக்கு ரயிலேற வேண்டியதுதான். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த வேலை.

தமிழ்ப் பிரிவுக்கு வந்த அழைப்பு அது. பேசியவர் கருப்பசாமி, கரோல் பாக்கில் மெஸ் நடத்துகிறவர். காலையிலிருந்து இன்டர்நெட் இல்லை. சாப்பாட்டு ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

"சார், ரீசெட் பண்ணி..." என்று ஆரம்பித்தாள் மதுமதி.

"ரீசெட்னு யார் சொன்னா? வயரைப் பார்க்கச் சொல்லு!" என்றான் அபிஷேக்.

"சார், வயர் சரியா மாட்டியிருக்கான்னு..."

"வயரை விடு! ஒரு ஊக்கு எடுத்து, மோடம் பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டையில குத்தச் சொல்லு."

ஊக்கால் குத்துவதற்குப் பெயர்தான் ரீசெட். அதை எடுத்துச் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை.

"ஊக்கு இல்ல தாயி," என்றார் கருப்பசாமி. "பல்லுக் குத்துற குச்சி போதுமா?"

"போதும் சார். குத்திட்டு அப்படியே பத்து எண்ணுங்க. நானும் கூட எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு..."

"எண்ணிட்டு உட்கார்ந்திருக்க இது என்ன நர்சரி ஸ்கூலா?" அபிஷேக் கத்தினான். "இந்த ஆளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் புரியாது. லைனைக் கட் பண்ணு!"

அவள் கட் பண்ணவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை. அவன் சொன்னது அவளுக்குள் இறங்கவே இல்லை, அவ்வளவுதான். எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"...ஒன்பது, பத்து. எடுத்துடுங்க சார்."



"பச்சை லைட்டு வந்துருச்சு தாயி! ஆர்டரும் வந்துருச்சு!"

"கிழிச்சே. இதுக்கு எட்டு நிமிஷமா!" என்றான் அபிஷேக். "இந்த மெஸ்காரன் ஒண்ணுகூடப் போட மாட்டான். பெட்டியைக் கட்டு."

மதுமதி கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்த கடைசி வரியை ஒப்பித்தாள். "என் சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க சார்?"

கருப்பசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உனக்கு அஞ்சு தாயி. அப்ப இருந்து உன்னைத் திட்டிக்கிட்டே இருக்காரே, அந்தத் தம்பிக்கு எம்புட்டுப் போட?"